துலாம்பென்னா, நூசா பெனிடாவா? வார இறுதி டைவ், அடைக்கும் காது, திரும்பும் விமானம்: உதவி தேவை

சிங்கைவாசி:
வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வார இறுதிக்கு நானும் நண்பனும் சிங்கப்பூரிலிருந்து பாலி போகிறோம். இருவருக்கும் ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படை டைவிங் சான்றிதழ் உண்டு, அனுபவம் குறைவு. வெள்ளி இரவு இறங்குகிறோம். சனிக்கிழமை நூசா பெனிடா தீவில் மான்டா திருக்கை, ஞாயிறு காலை பாலியின் துலாம்பென் கரையில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பல், அன்று இரவு 10 மணிக்கு விமானம். இது நண்பன் போட்ட திட்டம்.

என் சிக்கல் வலது காது. மூன்று மீட்டர் இறங்குவதற்குள் குத்த ஆரம்பித்துவிடும். மூக்கைப் பிடித்து ஊதினால் இடது காது உடனே திறக்கிறது, வலது அசைவதில்லை. சளி, ஜலதோஷம் எதுவும் இல்லாத நாளிலும் இப்படித்தான். போன முறை எல்லோரும் கீழே போய்விட்டார்கள், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேயே தொங்கினேன்.

அடுத்தது கூட்டம். சீசனில் லிபர்ட்டியில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் இறங்குமாமே? எல்லோரும் கறுப்பு உடையில் இருக்கும்போது நம் கைடு யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, மாஸ்க்கில் மெதுவாகத் தண்ணீர் கசிகிறது.

ஆழக்கடல்:
காது இருக்கட்டும், முதலில் அந்த விமான டிக்கெட்டை மாற்றுங்கள்.

டைவ் செய்யும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன், விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாக மாறி ஆபத்தாகலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கணக்கு இதுதான்: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். ஞாயிறு காலை 8 மணிக்குக் கரையேறினாலும் உங்களுக்கு 14 மணி நேரம்தான் கிடைக்கிறது, அதுவும் முந்தைய நாள் டைவ் செய்த உடம்போடு. திங்கள் காலை 10 மணி விமானம் என்றால் ஞாயிறு மதியம் வரை நிம்மதியாக இறங்கலாம். சிங்கப்பூருக்கும் பாலிக்கும் நேர வித்தியாசம் இல்லை, அரை நாள் விடுப்பு போதும்.

விமானத்தை மட்டும் கணக்கில் வைத்துவிட்டுப் பலரும் சாலையை மறந்துவிடுகிறார்கள். துலாம்பென்னிலிருந்து திரும்பும்போது, "எரிமலை பார்த்துக்கொண்டே போகலாம்" என்று டிரைவர் கிந்தாமணி வழியாகத் திருப்புவார். அது சுமார் 1500 மீட்டர் உயரம். பெசாகி கோயிலும் ஏறக்குறைய 1000 மீட்டரில் இருக்கிறது. டைவ் முடித்த கையோடு அந்த உயரத்துக்குப் போனால் விமானத்துக்குச் சொன்ன அதே ஆபத்துதான், காற்றழுத்தம் குறைகிறது. அம்லாபுரா வழியாகப் போகும் தாழ்வான சாலையில்தான் போக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சங்குப்பூ:
காது விஷயத்துக்கு நான் வருகிறேன், எனக்கும் ஒரு பக்கக் காதுதான் தகராறு.

நீர்மட்டத்தில் அழுத்தம் 1 பார், பத்து மீட்டரில் 2 பார். அதாவது நடுக்காதில் இருக்கும் காற்று முதல் பத்து மீட்டரிலேயே பாதியாகச் சுருங்கப் பார்க்கும். 20லிருந்து 30 மீட்டர் போகும்போது அவ்வளவு மாற்றம் கிடையாது. அதனால்தான் தொல்லை முழுக்க மேல்பகுதியிலேயே வருகிறது. வலி வந்த பிறகு ஊதினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே அழுந்தி மூடியிருக்கும், திறக்காது. தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே ஒருமுறை காதின் அழுத்தத்தைச் சமன் செய்துவிடுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்கு முன்னாலேயே. தலைகீழாக இறங்க வேண்டாம், கால் கீழே இருக்கட்டும். வலது காது மேலே பார்க்கும்படி தலையை இடது தோள் பக்கம் சாய்த்து, மூக்கைப் பிடித்தபடி எச்சில் விழுங்குங்கள். எனக்கு ஊதுவதைவிட விழுங்குவதுதான் பலன் தருகிறது.

திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலம் கொண்ட மட்டும் ஊதாதீர்கள், உள்காதுக்கே காயம் வரலாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்குவதும் வேண்டாம். கீழே இருக்கும்போது மருந்தின் வீரியம் தீர்ந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். எப்போதும் அதே காதுதான் என்பதால் கிளம்பும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பயணப்பித்தன்:
காதை வைத்து பெனிடாவை விட்டுவிடாதீர்கள் சார்! மான்டாவுக்கு மேலே ஒன்று இருக்கிறதா? ஆகஸ்ட் என்றால் அங்கே கிரிஸ்டல் பே என்ற விரிகுடாவில் மோலா மோலா எனும் பெரிய சூரியமீனும் கண்ணில் படலாம். லிபர்ட்டி எங்கே ஓடிவிடப் போகிறது?

ஆழக்கடல்:
மான்டா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மான்டா பாயின்ட் தீவின் தென்பக்கம், அலை தூக்கிப் போடும். படகிலிருந்து குதித்ததும் குழுவோடு சேர்ந்து இறங்க வேண்டியிருக்கும். மெதுவாகக் காது திறக்கிறவரை யார் காத்திருப்பார்கள்? கிரிஸ்டல் பேயில் கீழே இழுக்கும் நீரோட்டமும் வரும், அந்த மாதங்களில் தண்ணீரும் நன்றாகவே குளிரும். அனுபவம் குறைந்தவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

லிபர்ட்டி நேர் எதிர். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட அமெரிக்க சரக்குக் கப்பல் அது. இழுத்து வந்து துலாம்பென் கரையில் ஏற்றினார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. அதனால் இன்றும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. மேல்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டர் அருகே. உங்கள் சான்றிதழ்படி எல்லை 18 மீட்டர், அதற்குள்ளேயே பார்க்க ஏராளம். கூழாங்கல் சரிவோடு சேர்ந்தே இறங்கலாம், அதனால் காதுக்குத் தேவையான நேரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கைவாசி:
டிக்கெட்டை திங்கள் காலைக்கு மாற்றிவிட்டேன், கட்டணம் கொஞ்சம் கடித்தது. இரண்டு நாளும் துலாம்பென் என்று நண்பனையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாயிற்று, முகம்தான் இன்னும் தெளியவில்லை. கூட்டத்துக்கு என்ன செய்யலாம்?

சங்குப்பூ:
வெள்ளி இரவே துலாம்பென் போய்த் தங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், தூக்கம் கெடும், ஆனால் அதில்தான் சூட்சுமம். தெற்கிலிருந்து ஒருநாள் பயணமாக வருபவர்களின் வண்டிகள் காலை 9 மணிக்கு மேல்தான் வந்து சேரும். நீங்கள் விடியும்போதே இறங்கிவிடலாம். இரவெல்லாம் கப்பலில் தூங்கும் பெரிய புடைதலைக் கிளிமீன்கள் கூட்டமாகக் கிளம்பும் நேரமும் அதுதான். நண்பரின் முகம் அங்கே தெளியும். கூட்டம் வந்ததும் பக்கத்திலுள்ள கோரல் கார்டன் என்ற பவளத்திட்டுப் பகுதிக்கு மாறிக்கொள்ளுங்கள், ஆழமும் குறைவு.

கைடை உடையை வைத்துத் தேடாதீர்கள். ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) நிறம், காற்று டேங்க் நிறம் இரண்டையும் கரையிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். காது பிரச்சினையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், இருவருக்கும் தனி கைடு கேட்டால் செலவு கூடினாலும் நல்லது. ஆளைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக மேலே வந்துவிட வேண்டும், அடுத்த குழுவோடு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் அவசியம், அந்தக் கற்கள் காலைப் பதம் பார்க்கும். டேங்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளூர்ப் பெண்கள் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

ஆழக்கடல்:
மாஸ்க்கை எல்லோரும் விட்டுவிட்டோம். மீசை இருக்கிறதா?

சிங்கைவாசி:
இருக்கிறது அண்ணா. நல்ல அடர்த்தி.

ஆழக்கடல்:
அப்படியானால் மாஸ்க்கின் மேல் குற்றமில்லை. முழுதாக எடுக்க வேண்டாம், மூக்குக்கு நேர் கீழே, மாஸ்க்கின் விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு கோடு மழித்துவிடுங்கள். பட்டையை இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும், குறையாது.

சிங்கைவாசி:
ஒரு கோடுதானே, சரி. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.