பழைய குடும்ப வீட்டைப் புதுப்பிக்க யோசனை வேண்டும்

பெரிய தோட்டத்தோடு இருக்கும் எங்கள் பழைய குடும்ப வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். இடிக்கும் எண்ணம் இல்லை. முதலில் கூரை ஒழுக்கு, அப்புறம் வயரிங், குழாய்கள், கடைசியில் பூச்சும் பெயிண்டும். வரிசை சரிதானா?

பெரிய குழப்பம் சுவர் ஈரத்தில்தான். அடிப்பகுதியில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது. மேஸ்திரி சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். சுண்ணாம்புக் கட்டுச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுமே என்று எனக்குத் தயக்கம். தோட்டத்து மண் வேறு வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. அதை வெட்டி இறக்கினாலே ஈரம் குறையுமா?

சுவர் அருகே ஒரு பெரிய மரமும் நிற்கிறது (வெட்ட யாருக்கும் மனசில்லை). அஸ்திவாரத்துக்கு ஆபத்து வராமல் என்ன செய்யலாம்? இப்படிப்பட்ட வீட்டில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.