புதுப்பிப்பு: பேக்கரி போர்டுக்கு பர்மிஷன் வந்துருச்சு

முன்னாடி போட்டிருந்தேன்ல, எங்க பேக்கரிக்கு மாடில லைட் போர்டு வைக்க நகராட்சில எழுதிக் கொடுத்து ஃபைல் நகரவே இல்லன்னு, அது இப்போ கைக்கு வந்துருச்சு! அதுக்குத் தேவைப்பட்ட பில்டிங் ஓனர் சம்மதக் கடுதாசி உடனே கிடைச்சுது, இழுத்தது கட்டடம் போர்டத் தாங்கும்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தர்ற சர்டிபிகேட்தான். அவர் மாடி கைப்பிடிச் சுவர சுத்தியலால தட்டிப் பாத்தாரு, காரை பொலபொலன்னு உதிருது, இதுல போல்ட் அடிச்சா ஒரு காத்துக்குத் தாங்காது, கீழ கான்கிரீட் பீம்ல ஃப்ரேம மாட்டுங்கன்னுட்டாரு. செலவு கூடுச்சு, ஆனா 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிரே போனத நினைச்சா இதுல கஞ்சத்தனம் பண்ணவே கூடாதுங்க.

கமெண்ட்ல ஒரு அண்ணன் எழுத்து சைஸ் கேட்டிருந்தாரு. தமிழ் மேல பெருசா, அடுத்து இங்கிலீஷ், அப்புறம்தான் வேற மொழி, 5:3:2 கணக்கு. போர்டு செய்றவர் இங்கிலீஷ பெருசா வச்சு டிசைன் அனுப்பினாரு, மாத்தச் சொல்லிட்டேன். நம்ம ஊர்ல நம்ம எழுத்து பெருசா தெரியறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஃப்ரேம் வெல்டிங் முடிஞ்சது, இந்த வாரம் மாட்டிருவாங்க.