அப்பா குரலை ஏஐ வச்சு காப்பி அடிச்சுட்டாங்க, நாடகக்காரவுகளுக்கு சட்டத்துல ஏதும் வழி இருக்கா?

பபூன் மகன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. எங்கப்பா நாடகத்துல பபூன் வேஷம், 30 வருஷமா. தொண்டி தொடங்கி சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்ல திருவிழான்னா பங்குனில இருந்து ஆடி முடிய ராத்திரி வீட்ல படுத்த நாளு கம்மி. மைக்கை புடிச்சதும் ஒரு கனைப்பு கனைச்சு "ஆத்தாமாரே, தூங்கிறாதீக"ன்னு ஆரம்பிப்பாரு, அதுக்கே கூட்டம் சிரிச்சுரும்.

போன மாசம் தேவிபட்டினத்துல டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறேன், ஒரு லோடு ஆட்டோ ஸ்பீக்கரை கட்டிக்கிட்டு வருது, அதே கனைப்பு, "ஆத்தாமாரே தூங்கிறாதீக, கட்டில் மெத்தை பாதி வெல"ன்னு. எனக்கு துளி சந்தேகம் வரல, நம்மகிட்ட சொல்லாம விளம்பரம் பேசிருக்காருன்னுதான் நெனச்சேன். வீட்டுக்கு போயி கேட்டா "நான் எங்கடா பேசுனேன்"ங்குறாரு. ஃபோன்ல புடிச்சுட்டு வந்ததை போட்டுக் காட்டுனேன். ரெண்டு தடவை கேட்டாரு, "மூச்சு எடுக்குற எடம் மட்டும் தப்பா இருக்கு"ன்னாரு, சாப்புடாம போயி படுத்துட்டாரு.

கடைக்காரரைக் கேட்டா விளம்பரம் செஞ்சு குடுத்த பையன் ஏஐ குரல்னு சொல்லித்தான் குடுத்தான், அது யாரு குரலும் இல்லைங்குறாரு. அதோட போனாலும் பரவால்ல. இப்ப ஒரு வாட்ஸப் ஆடியோ சுத்துது, அப்பா குரல்ல பக்கத்து ஊருக்காரவுகளை கேவலமா பேசுற மாதிரி. நம்ம பக்கம் இது எங்க போயி நிக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. வர்ற வெள்ளிக்கிழமை அந்த ஊர்லதான் நாடகம், தேதி குடுத்து மூணு மாசமாச்சு, கமிட்டிக்காரவுக இப்ப ஃபோன் பண்ணி இழுக்குறாக. பெரிய நடிகருன்னா ஹைகோர்ட்டுக்கு போயிருவாக, அஞ்சாப்பு படிச்ச மனுசனுக்கு என்ன இருக்கு?

மைக்செட்காரன்:
தம்பி, அப்பாவை நல்லா தெரியும், உப்பூர் பக்கம் ஒரு நாடகத்துல மைக்கு கரகரன்னு இருந்ததுக்கு என்னையே மேடைல வச்சு ஓட்டித் தள்ளிட்டாரு. உண்மையைச் சொல்லிர்றேன், நானும் நாடகத்தை முழுசா எடுத்து யூடியூப்ல போடுறவன்தான். இந்தக் குரல் திருட அம்புட்டு நேர வீடியோல்லாம் தேவையே இல்ல, மூணு செகண்டு குரல் இருந்தா போதும்னு மைக்ரோசாஃப்ட் 2023 லயே செஞ்சு காட்டிட்டான். நாங்க ராத்திரி பத்து மணில இருந்து விடியக்காலம் வரைக்கும் மிக்சர்ல இருந்து நேரா லைன் எடுத்து கிளீனா போட்டு வச்சிருக்கோம், அவனுக்கு தலவாழ இலை போட்டு வச்ச மாதிரி ஆச்சு. அதுக்காக வீடியோ போடாம இருக்கவும் முடியாது, அதைப் பாத்துத்தான் வெளியூர்ல தேதி கேக்குறாக. என்ன பண்றதுன்னு எனக்கும் ரோசனைதான்.

கோர்ட்டுவாசல்:
மொதல்ல அந்த ரெண்டாவது ஆடியோவை பாருங்க, விளம்பரம் அப்பறம். இன்னைக்கே ராமநாதபுரம் சைபர் கிரைம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. ஐடி சட்டத்துல (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66டி இருக்கு, கம்ப்யூட்டர் வச்சு ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துனா 3 வருஷம் வரைக்கும். உங்களுக்கு வந்த ஃபார்வேர்டை அழிச்சுறாதீக, எந்த நம்பர்ல இருந்து எப்ப வந்துச்சோ அப்படியே அந்த ஃபோன்லயே இருக்கட்டும், நாளைக்கு கோர்ட்டுல எலக்ட்ரானிக் சாட்சின்னா புதுச் சாட்சியச் சட்டம் 63 ம் பிரிவுல சர்டிபிகேட் குடுக்கணும். இதே ஆடியோ யூடியூப்லயோ ஃபேஸ்புக்லயோ ஏறியிருந்தா அங்கயும் ஆள்மாறாட்டம்னே புகார் போடுங்க, சம்பந்தப்பட்ட ஆளே புகார் குடுத்தா 24 மணி நேரத்துல எடுக்கணும்னு 2021 ஐடி விதில இருந்துச்சு, 2026 ல அதை ரெண்டு மணி நேரமா கொறச்சுட்டாக. அப்பா பேர்ல போடுங்க, உங்க பேர்ல வேணாம்.

இப்ப விளம்பரம். நம்ம காப்பிரைட் சட்டத்துல கலைஞருக்குன்னு தனி உரிமை இருக்கு, 38 ம் பிரிவு, 1994 ல வந்துச்சு, 2012 ல இன்னும் பெருசாக்குனாக. யாரு யாரு கலைஞர்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு, பாட்டுக்காரர், நடிகர், ஆட்டக்காரரோட சேத்து பாம்பாட்டி பேரு கூட இருக்கு (நெசமாத்தான்), பபூனுக்கு இல்லாம போகுமா. நாடகம் நடந்த வருஷம் முடிஞ்சு 50 வருஷத்துக்கு அந்த உரிமை நிக்கும். கதை பழசு, பாட்டு பழசு, யாரு வேணா பாடலாம்கிறது வேற, அன்னைக்கு ராத்திரி அந்த மேடைல உங்கப்பா ஆடிப் பாடுனது அவரோடது. அதை அவரைக் கேக்காம பதிவு பண்றதோ கம்ப்யூட்டர்ல சேமிக்கிறதோ பரப்புறதோ கூடாது. 38பி ன்னு ஒண்ணு இருக்கு, தன் பேருக்கு கெடுதல் வர்ற மாதிரி அந்த நிகழ்ச்சியை சிதைச்சா தடுக்கலாம்.

ஆனா சிக்கலும் அதுலயேதான் இருக்கு. சட்டம் காவல் காக்குறது நிகழ்ச்சியையும் அதோட பதிவையும், குரலை இல்ல. ஆட்டோல ஓடுனது அப்பா என்னைக்குமே பேசாத பேச்சு, அப்ப எந்த நிகழ்ச்சியை காப்பி அடிச்சேன்னு எதிர்த்தரப்பு கேப்பான். குரல் எடுக்க பழைய நாடக வீடியோவை கம்ப்யூட்டர்ல ஏத்துனேல்ல, அதுவே காப்பிதான்னு நம்ம வாதாடணும். 2012 ல திருத்துனவுக யாரும் ஏஐய நெனச்சு எழுதல. அதனாலதான் பெரிய ஆளுகல்லாம் வேற வாசல்ல போறாக, என் பேரு என் முகம் என் குரல் என்னோடதுன்னு ஆளுமை உரிமைல. இந்தி நடிகர் அனில் கபூருக்கு 2023 ல டெல்லி ஹைகோர்ட் குடுத்த தடைல அவரு அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தைக்கே பாதுகாப்பு இருக்கு, உங்கப்பாவோட "ஆத்தாமாரே" மாதிரின்னு வச்சுக்கங்க. பாடகர் அரிஜித் சிங்குக்கு 2024 ல பம்பாய் ஹைகோர்ட்டு, குரலை ஏஐல எடுத்து விக்கிறதே தப்புன்னு. நம்ம சென்னை ஹைகோர்ட் 2015 லயே ரஜினி கேஸ்ல, பாக்குறவன் குழம்புனான்னு காட்டக்கூட தேவையில்ல, ஆளு யாருன்னு அடையாளம் தெரிஞ்சாலே போதும்னு சொல்லிருச்சு.

கண்ணன்_கப்பல்:
இதுக்கெல்லாம் கேஸா? மிமிக்ரி பண்றவன் மேல யாராச்சும் கேஸ் போட்டாகளா?

கோர்ட்டுவாசல்:
மிமிக்ரிகாரன் மேடைல நின்னு இது மிமிக்ரின்னு சொல்லித்தான் பண்றான், கேக்குறவுகளுக்கு அது அவன்னு தெரியும். இங்க பெத்த மகனே அப்பான்னு நம்பிட்டாரு.

பாம்பன்காத்து:
படிக்கும்போதே வயித்த கலக்குது. எங்க தாத்தா கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவாரு, ஒருத்தர் தூக்கி விட மத்தவுக ஏலேலோன்னு வாங்குவாக, வலை கனம் கூடக்கூட பாட்டும் எறங்கிக்கிட்டே வரும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆராய்ச்சின்னு சொல்லி ரெண்டு பேரு வந்து நாள் முச்சூடும் எடுத்துட்டு போனாக, ஒரு டீ வாங்கிக் குடுத்தாக, ஒரு காகிதம் இல்ல. இப்ப அது எந்த கம்ப்யூட்டர்ல கிடக்கோ. நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிருவாக. பாட்டு பொதுதான்யா, தாத்தா தொண்டை பொதுவா?

ஒண்ணு சொல்றேன், 2023 ல ஹாலிவுட் நடிகருக 118 நாள் வேலைநிறுத்தம் பண்ணாகல்ல, அதுல பெரிய சண்டையே இதான். டிஜிட்டல் காப்பி எடுக்கணும்னா கேட்டுத்தான் எடுக்கணும், அதுக்குத் தனியா காசு குடுக்கணும்னு ஒப்பந்தத்துல ஏத்திட்டுத்தான் வேலைக்கு போனாக. கூட்ட சீன்ல நிக்கிற ஆளுக்கும் அது சேத்திதான். நம்ம நாடக சங்கத்துல சம்பளம் பேசுறாக, வேன் வாடகை பேசுறாக, இதையும் பேசச் சொல்லுங்கண்ணே.

கீழக்கரையான்:
அஸ்ஸலாமு அலைக்கும். துபாய்ல இருந்து எழுதுறேன். எனக்கு ஒரு சந்தேகம் காக்கா, ஆளு மவுத்தான பொறவு? நாகூர் ஹனிபா பொறந்தது நம்ம ராமநாதபுரம், 2015 ல போயிட்டாரு. எங்க வீட்ல வாப்பாவுக்கு சுபுஹுக்கு பொறவு அந்தக் குரல் கேட்டாத்தான் பொழுது விடியும். நாளைக்கு எவனாச்சும் அந்தக் குரல்ல சாராயக்கடை பாட்டு பாட வச்சா யாரு போயி கேக்குறது?

கோர்ட்டுவாசல்:
பாடி வச்ச பதிவுக்கு அந்த 50 வருஷ கணக்கு வாரிசுக்கு போகும். குரல்தான் இழுபறி. ஜெயலலிதா வாழ்க்கையைப் படம் எடுத்த வழக்குல 2021 ல சென்னை ஹைகோர்ட், தனியுரிமை ஆளோட முடிஞ்சிரும், வாரிசு சொத்து மாதிரி கேக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. ஏ.ஆர். ரகுமான் 2024 ல ஒரு படப் பாட்டுக்கு மறைஞ்சு போன பாடகருக பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரு குரலையும் ஏஐல கொண்டு வந்தப்ப குடும்பத்துக்கிட்ட அனுமதி கேட்டு காசும் குடுத்தாரு. அது அவரு மரியாதை. கேக்காத ஆளை மடக்க நம்மகிட்ட நேரா ஒரு பிரிவு இல்ல.

பபூன் மகன், உங்களுக்கு இன்னொண்ணு. கேஸ் போட மெட்ராஸ் போகணும்னு பயப்படாதீக, காப்பிரைட் சட்டம் 62 படி கேஸ் போடுறவரு குடியிருக்குற ஊரு மாவட்டக் கோர்ட்டுலயே போடலாம். பழைய நாடக நோட்டீஸ், வால்போஸ்டர்னு அப்பா பேரு போட்டது எம்புட்டு கிடைக்குமோ சேத்து வைங்க. எதிராளி "இவரு என்ன பிரபலமா"ன்னு கேப்பான், அப்ப 30 வருஷ நோட்டீசை மேசைல கொட்டுங்க.

மைக்செட்காரன்:
நோட்டீசு என்கிட்ட ஒரு சாக்கு இருக்கு. அப்பறம் வீடியோல அப்பா பேரை எழுதி, இந்தக் குரலை ஏஐக்கு எடுக்க அனுமதி இல்லைன்னு இனிமே நான் போட்டுர்றேன், திருடன் அதைப் படிச்சுட்டு திரும்பிப் போகப் போறதில்ல, இருந்தாலும்.

பபூன் மகன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, லேட்டா வாரேன். புகார் குடுத்தாச்சு, ரசீது கையில. கடைக்காரரு ஆட்டோல ஓடுறதை நிப்பாட்டிட்டாரு, காசு பத்தி கேட்டா பேச்சை மாத்துறாரு, அதை விடப் போறதில்ல.

பக்கத்து ஊருக்கு அப்பாவே நேரா போயிட்டாரு, நான் வேணாம்னு எம்புட்டோ சொன்னேன். கோயில் வாசல்ல பெரியவுக உக்காந்திருக்காக, ஃபோன்ல அந்த ஆடியோவைப் போட்டாக. முழுசாக் கேட்டுட்டு அப்பா எந்திரிச்சு அதே வசனத்தை வார்த்தை விடாம அவுக முன்னாடியே பேசிக் காட்டுனாரு, எனக்கு உசுரே இல்ல. பேசி முடிச்சுட்டு, "ஆத்தா, இம்புட்டு நீளத்தை நான் ஒரே மூச்சுல பேசுவேனா, எனக்கு மூணு எடத்துல இழுக்குதுல்ல, இந்தப் பய இழுக்கவே இல்ல பாரு"ன்னாரு. கூட்டத்துல இருந்த ஒரு கெழவிதான் மொதல்ல சிரிச்சுச்சு. நாடகம் இருக்கு.

வெள்ளிக்கிழமை மேடைல ஏறுனதும், யாரு எடுத்தாலும் என்னைக் கேட்டு எடுங்க, என் குரலை மிஷினுக்கு குடுக்காதீகன்னு மைக்குல சொல்லப் போறேன்ங்குறாரு. கோர்ட்டுவாசல் அண்ணே, மைக்குல சொன்னா செல்லுமா?

கோர்ட்டுவாசல்:
சொல்லட்டும், அதையும் வீடியோ எடுத்து வைங்க. ஆனா எடுக்க வர்ற சேனல்காரவுககிட்ட மேடை ஏறுறதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கிருங்க, அரைத் தாள் போதும்: இந்தத் தேதி, இந்த ஊரு, இந்த நாடகத்தை மட்டும் போடலாம், குரலோ உருவமோ வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. ரெண்டு பிரதி.

மைக்செட்காரன்:
வெள்ளிக்கிழமை மைக்கு நான்தான். மொதக் கையெழுத்து என்னோடது. இந்தத் தடவை கரகரன்னு இருக்காதுன்னு அப்பாகிட்ட சொல்லிருங்க.