எதிரே வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு நடந்த ஒரு நாள்: மேடிசன் ஹட்டிலிருந்து லேக்ஸ் வரை

பாஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலர் நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டனுக்குக் காரிலேயே ஏறி, உச்சியில் ஒரு போட்டோ எடுத்து, பம்பரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். குறை சொல்லவில்லை, 1861-இலிருந்து இருக்கும் சாலை அது. அதே உச்சிக்கு வடக்கே இருக்கும் மேடிசன் ஹட்டிலிருந்து (ஹட் என்றால் மலையில் நடப்பவர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் தரும் தங்கிடம்) முகட்டு வழியாகவே நடந்து, மறுபக்கம் இறங்கி லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ் ஹட்டில் படுக்கலாம். ஆகஸ்டில் நானும் என் மச்சினனும் அப்படிப் போனோம். தூரம் ஏழு மைல் சொச்சம்தான். சமதரையில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். எங்களுக்கு நாள் முழுக்கப் பிடித்தது.

காலைச் சாப்பாட்டின் நடுவில் ஹட்டை நடத்தும் இளைஞர்களில் (எல்லோரும் 'க்ரூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்) ஒரு பெண் எழுந்து வானிலை அறிக்கை வாசித்தாள். வாஷிங்டன் உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்திலிருந்து தினமும் வருவது. காலையில் காற்று 30 மைல் வேகம், மதியத்துக்கு மேல் 50, உச்சிகள் மேகத்துக்குள். அதுவரை சளசளவென்றிருந்த கூடம் அப்படியே அடங்கிவிட்டது. முந்தின நாள் ஏறும்போது மரங்கள் முடிகிற இடத்தில் மஞ்சள் பலகை ஒன்றைப் பார்த்திருந்தோம்: இதற்கு மேல் அமெரிக்காவிலேயே மிக மோசமான வானிலை, கோடையிலும் பலர் இறந்திருக்கிறார்கள், வானிலை சரியில்லையென்றால் இப்போதே திரும்பிவிடுங்கள். மிகையான விளம்பரம் என்று நினைத்திருந்த மச்சினன் அறிக்கை கேட்டதும் மழைக்கோட்டைப் பையின் மேல்பக்கம் மாற்றி வைத்தான்.

கல்ஃப்சைடு பாதை ஆடம்ஸ், ஜெஃபர்சன், கிளே உச்சிகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே போகிறது. மண் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. "மாமா, இது பாதையா, இல்ல லாரில கொண்டாந்து கொட்டுன ஜல்லியா?" என்றான். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். அதனால் எதிரே யார் வந்தாலும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், பேசுகிறார்கள். பேச்சு எல்லாம் ஒரே விஷயம்தான்: அங்கே காற்று எப்படி?

முதலில் எதிர்ப்பட்டவர்கள் எழுபதைத் தாண்டிய இரண்டு பாட்டிகள். ஒருவர் முழங்காலில் பட்டி சுற்றியிருந்தார். "எட்மண்ட்ஸ் கோலில் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். என்னுடையது இப்போது மேய்ன் மாநிலத்தில் இருக்கும்" என்று சிரித்தார். ஆடம்ஸுக்கும் ஜெஃபர்சனுக்கும் நடுவே இருக்கும் தாழ்வான கணவாய் அது. மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. நாங்கள் போனபோது நேராக நிற்க முடியாமல் கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு கடந்தோம். தொப்பிகள் பத்திரமாகப் பைக்குள்.

ஜெஃபர்சன் அருகே ஒரு த்ரூ ஹைக்கர். ஜார்ஜியாவில் வசந்தத்தில் கிளம்பி 2,190 மைல் அப்பலாச்சியன் டிரெயிலை ஒரே மூச்சாக நடக்கிறவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். தாடி மார்பு வரை, காலில் சதையே இல்லை. முந்தின இரவு லேக்ஸ் ஹட்டில் பாத்திரம் தேய்த்துக் கொடுத்ததற்குக் கூலியாக மிச்சச் சாப்பாடும் சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் இடமும் கிடைத்ததாம். கடலை மிட்டாய் நீட்டினோம். நின்ற இடத்திலேயே நான்கு தின்றான். "உச்சியில் எதுவும் தெரியவில்லை. கிளேயிலிருந்து இங்கே வர கெய்ர்ன்தான் ஒரே வழி" என்றான். பாதையைக் காட்ட வழிநெடுக அடுக்கி வைத்த கற்குவியல்தான் கெய்ர்ன்.

சொன்னது சரிதான். கிளேயை நெருங்கும்போது மேகம் இறங்கிவிட்டது. இடப்பக்கம் கிரேட் கல்ஃப் பள்ளத்தாக்கு, பனிப்பாறை குடைந்த அதலபாதாளம், இருப்பதே தெரியவில்லை. அங்கே ஒரு கற்குவியலின் அடியில் ஓர் அப்பாவும் பத்து வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த குவியல் கண்ணுக்குத் தெரியாததால் காத்திருக்கிறார்களாம். நான்கு பேரும் சேர்ந்துகொண்டோம். ஒருவர் குவியலைத் தொட்டுக்கொண்டு நிற்பார், இன்னொருவர் குரல் கேட்கும் தூரம் வரை முன்னால் போய் அடுத்ததைத் தேடுவார், கிடைத்ததும் கத்துவார். அந்தப் பெண்ணின் குரல்தான் காற்றை மீறிக் கேட்டது. மச்சினன் "பாப்பா, நீயே கத்து" என்று தமிழிலேயே சொல்ல, அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மேகத்துக்குள் தடதடவென்று சத்தம். பல்சக்கர ரயில். 1869-இலிருந்து ஓடுகிறது. திடீரென்று முளைத்து, ஜன்னல் நிறைய முகங்களோடு எங்களைக் கடந்தது. அத்தனை பேரும் எங்களைப் படம் எடுத்தார்கள்.

உச்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 6,288 அடி பலகையின் முன்னால் செருப்புக் காலோடு நீண்ட வரிசை. 1934 ஏப்ரல் 12 அன்று இங்கே மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்திருக்கிறார்கள். மனிதர்கள் கூடவே இருந்து அளந்ததில் இன்றும் அதுதான் அதிகம். சூடாக ஒரு சூப் குடித்துவிட்டுக் கிளம்பினோம். அந்த நாளிலேயே எனக்குப் பிடிக்காத இடம் அதுதான்.

இறக்கத்தில் பார்த்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. லேக்ஸ் க்ரூவில் ஒரு பையன், முதுகில் மரச்சட்டம். அதில் அட்டைப்பெட்டிகள் தலைக்கு மேல் இரண்டு அடி வரை அடுக்கி, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கியிருந்தான். மேல் பெட்டியில் முட்டை. காற்று அடிக்கும்போது நிற்கிறான், அடங்கும்போது மூன்று நான்கு கல் இறங்குகிறான். கண் கல்லை விட்டு நகரவே இல்லை. வழிவிட்டோம். "ராத்திரிக்கு என்ன?" என்று மச்சினன் கேட்டான். "இது உடையாவிட்டால் கேக்" என்றான், தலையைத் திருப்பாமல்.

சற்றுக் கீழே, ஏறி வந்த ஒரு குடும்பம் எங்களை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டது. கணவாயில் தொப்பியைக் கழற்றச் சொன்னோம்.

லேக்ஸ் ஹட் 5,012 அடியில், இரண்டு சிறு ஏரிகளுக்குப் பக்கத்தில். 1900 ஜூன் இறுதியில் இந்த வழியாக உச்சிக்குப் போன கர்டிஸ், ஆர்ம்ஸ்பீ என்ற இருவர் பனிப்புயலில் இறந்தார்கள். அடுத்த வருடம் இங்கே ஒரு சிறு தங்கிடம் கட்டினார்கள். ஹட் வந்தது 1915-இல். தொண்ணூறு பேர் தங்கலாம். படுக்கை அறையில் ஹீட்டர் இல்லை, குளியல் இல்லை, கம்பளி மட்டும் உண்டு. ஆறு மணிக்குச் சாப்பாடு. கேக் வந்தது.

விலை அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. "இந்தக் காசுக்குக் கீழ வெந்நி வர்ற ஹோட்டல்லயே தங்கியிருக்கலாம் மாமா" என்று அவன் படுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். கோடையில் மரக்கோட்டுக்கு மேலே கூடாரம் போட அனுமதி இல்லை. ஆகவே முகட்டிலேயே தங்க வேண்டுமென்றால் ஹட்தான், அதுவும் வார இறுதி என்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். சைவம் என்று அப்போதே சொல்லிவிட்டால் தனியாகச் செய்து தருகிறார்கள். ஊறுகாயை மட்டும் நீங்கள் கொண்டு போக வேண்டும்.