மறுமொழி: முன்பதிவா, முன்தடமா?

வணக்கம் ஐயா,

> புதிதாகக் கண்ட சிறுகோளைப் பழைய படங்களில் தேடிப் பிடிப்பதற்கு ‘முன்பதிவு’ போதுமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஆங்கிலத்தில் ‘பிரிகவரி’ (precovery) என்கிறார்களே, அதற்குத்தானே தமிழ்ச் சொல் தேடுகிறோம். ‘முன்பதிவு’ எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். மலேசியாவில் எங்கள் குளுவாங்கில் முன்பதிவு என்றால் ரயில் டிக்கெட்டும் கல்யாண மண்டபமும்தான். ‘முன்கண்டுபிடிப்பு’ அதைவிட மோசம். முன்பே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள் தரும். இங்கே நடந்ததோ, படத்தில் இருந்தும் யாரும் கவனிக்காமல் போனது.

அபோபிஸ் என்ற சிறுகோளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஜூனில் கண்டார்கள், இரண்டே இரவு பார்த்தார்கள், தவறவிட்டார்கள். டிசம்பரில் மறுபடி சிக்கியது. 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோதும் வாய்ப்பு டிசம்பர் 27 அன்று 2.7 விழுக்காடு வரை ஏறியது. (ஆழிப்பேரலைக்கு மறுநாள். பினாங்கு, கெடா செய்திகளுக்கு நடுவே இதை யார் கவனித்திருப்பார்கள்!) அதே நாளில், மார்ச் மாதம் எடுத்து வைத்திருந்த படங்களில் அது மங்கலாகத் தெரிவதைக் கண்டுகொண்டார்கள். பாதையில் நமக்குத் தெரிந்த துண்டு மூன்று மாதம் பின்னோக்கி நீண்டது. துண்டு நீள நீளக் கணக்கில் உள்ள ஐயம் சுருங்கும். 2029 மோதல் அன்றே இல்லையென்றாகிவிட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் என்பது இன்றைய கணக்கு. புதிதாக ஒரு படமும் எடுக்காமலே கிடைத்த விடை.

ஆகவே என் பரிந்துரை ‘முன்தடம்’. இங்கே காட்டோரத் தோட்டங்களில் விடிந்ததும் செம்பனைக் கன்றுகள் சாய்ந்து கிடக்கும், சேற்றில் தாம்பாளம் அகலத்துக்குக் குழி இருக்கும். இரவில் யானையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று தடம் சொல்லிவிடும். நமக்கு வேண்டிய பொருளும் அதுதான். தவிர, நீண்ட நேரம் ஒளிபிடித்த படத்தில் சிறுகோள் உண்மையாகவே ஒரு கோடாகத்தான் விழும்.

> ‘பழம்படம்’ ஆகாதா?

ஆகாது ஐயா. யுரேனசை 1781இல் ஹெர்ஷல் கண்டார். ஆனால் பிளாம்ஸ்டீட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1690லேயே அதை ரிஷபத்தின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலில் எழுதி வைத்துவிட்டார். அங்கே படம் ஏது? முன்தடம் என்றால் படம், எழுத்துக் குறிப்பு இரண்டுக்கும் பொருந்தும். வினையாக ‘முன்தடம் காண்’, பெயரடையாக ‘முன்தடப் படம்’. தெரிந்த சிறுகோள் அடுத்த சுற்றில் திரும்பி வரும்போது பார்ப்பதை ‘மறுகாண்கை’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

சொல்லுக்கு அவசரம் இருக்கிறது. சிலியில் ரூபின் ஆய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி தென்வானத்தைப் பத்தாண்டு திரும்பத் திரும்பப் படமெடுக்கும். 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களிலேயே ஈராயிரத்துக்கும் மேற்பட்ட புதுச் சிறுகோள்கள். அடுத்து நாசாவின் நியோ சர்வேயர் என்ற விண்வெளித் தொலைநோக்கி, பூமியிலிருந்து சூரியன் பக்கமாகப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அகச்சிவப்பில் தேடும். கரிய கற்களும் அவற்றின் வெப்பத்தால் அதற்குத் தெரியும். இத்தனை படமும் கிடங்கில் சேர்ந்தால், எந்தக் கல்லைக் கண்டாலும் முதல் வேலை பழையதைப் புரட்டுவதாகத்தான் இருக்கும். அப்போது நம் பிள்ளைகள் தமிழ்க் கட்டுரையில் ‘பிரிகவரி’ என்றா எழுதுவது?

அப்புறம், புணர்ச்சி. இலக்கணம் பார்க்கிறவர்கள் ‘முற்றடம்’ என்பார்கள். அதைப் படித்தால் வீட்டு முற்றம்தான் ஞாபகம் வரும். முந்தானையைக் காட்டி ‘முந்தடம்’ என்று வாதிடவும் இடம் உண்டு. நான் முன்தினம் போல எழுத்தை மாற்றாமலே எழுதச் சொல்வேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.