நுனி கருகிய இலைகள்: தண்ணீரைச் சந்தேகப்பட எனக்கு எட்டு மாதம் ஆனது

பள்ளிக்கரணையிலிருந்து:

ஜன்னலோரம் ஸ்பைடர் பிளான்ட், பக்கத்தில் டிரசீனா, செருப்பு அலமாரி மேல் பீஸ் லில்லி. மூன்றுக்கும் ஒரே கோளாறு. இலை நல்ல பச்சையாக இருக்கும், நுனி மட்டும் அரை அங்குலத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் போல நொறுங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளையும் ஊற்றினேன். சத்துக் குறைவோ என்று கடையில் என்பிகே உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சேர்ந்தது) வாங்கிப் போட்டேன். கருகல் இன்னும் கீழே இறங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் வீடு துடைக்கத் தொட்டியை நகர்த்தும்போது பார்த்தேன், மண்தொட்டியின் வெளிப்புறம் முழுக்க வெள்ளைப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. எங்கள் பாத்ரூம் குழாயிலும் வாளியிலும் படிகிற அதே உப்பு. அப்போதுதான் உறைத்தது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்க மனசு வராமல் குடத்தில் பிடித்து, அதைத்தான் செடிகளுக்கு ஊற்றிவந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் போர் தண்ணீரே லிட்டருக்கு 1150 மில்லிகிராம், ஆர்ஓ கழிவு நீர் 1500க்கு மேல்! நாம் குடிக்கிற தண்ணீருக்கு 500க்குள் இருப்பதே நல்லது என்கிறது இந்தியத் தரக் கணக்கு.

வேர் உறிஞ்சும் தண்ணீர் இலைவரை ஏறி ஆவியாகிவிடுகிறது, அதிலிருக்கும் உப்பு ஆவியாவதில்லை. தண்ணீர் போய்ச் சேரும் கடைசி இடமான நுனியில் தங்கித் தங்கி அந்த இடத்தையே கருக்கிவிடுகிறது. நான் போட்ட உரமும் உப்புதான்.

தொட்டிகளைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆர்ஓ நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டேன். அடித்தட்டில் தேங்கியதை உடனே கொட்டினேன், இல்லாவிட்டால் மண் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் ஒரு அங்குலம் மாற்றினேன். உரத்தை மூன்று மாதம் நிறுத்தினேன். இப்போது மழைநீர், அது இல்லாத நாளில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. புது இலையைத்தான் பார்க்க வேண்டும். ஏழாவது வாரம் ஸ்பைடர் பிளான்டின் நடுக்குருத்திலிருந்து வந்த இலை நுனிவரை பச்சை. அன்றைக்கு அதை நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

தருமபுரியிலிருந்து:

அக்கா, எங்கள் ஊரில் உப்போடு ஃபுளோரைடும் சேர்ந்துகொள்ளும். என் அப்பா வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அதே தண்ணீர் டிரசீனாவின் நுனியையும் விடவில்லை. டிரசீனாவுக்கும் ஸ்பைடர் பிளான்டுக்கும் ஃபுளோரைடு கொஞ்சம்கூட ஆகாது. பக்கத்திலிருந்த மணி பிளான்ட் அதே தண்ணீரில் நன்றாகப் படர்ந்தது. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள், வைத்துப் பார்த்தேன். குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்கவைத்தால் செறிவு கூடத்தான் செய்யும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு, இந்தச் செடிகளுக்கு வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறியபின் என் செடி தேறிவிட்டது.

கோவையிலிருந்து:

எங்க தண்ணீர் நல்ல தண்ணீருங்க. எனக்குச் சிக்கல் கோகோபீட்டில். தேங்காய் நாரிலேயே உப்பு இருக்கும், கழுவாத கட்டியை ஊறவைத்து அப்படியே கலத்தியா செடியை நட்டுவிட்டேன். இப்போது மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்துகிறேன். ஏசி காற்று நேராகப் படாத மூலைக்கும் மாற்றினேன், ஓரம் சுருள்வது நின்றது.

பள்ளிக்கரணையிலிருந்து மறுபடியும்:

தம்பி, ஃபுளோரைடு விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நுனியை வெட்டலாமா என்று தனியே கேட்டவர்களுக்கு: வெட்டலாம். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, இலையின் வடிவத்திலேயே சரிவாக, ஒரு நூலளவு பழுப்பை இலையிலேயே விட்டுவைத்து வெட்டுங்கள். பச்சையில் கத்தரி பட்டால் அந்தக் காயமும் பழுப்பாகும்.

பீஸ் லில்லி மட்டும் இன்னும் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு வேளையும் ஊற்றியதில் பாதி வேர் கறுத்துக் கொழகொழவென்று அழுகியிருந்தது. அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, சின்னத் தொட்டியில் புது மண்ணில் வைத்திருக்கிறேன். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால்தான் இப்போது தண்ணீர்.