டைலோஸ்: ‘குழாய் அடைப்பு’க்குப் பதில் ‘குழல்தூர்வு’

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளை ஓக் மரம் பற்றிய நம் கட்டுரையில், டைலோஸ் (tylose: மரத்தின் நீர்க்குழாயை உள்ளேயே மூடிவிடும் வளர்ச்சி) என்பதற்குக் ‘குழாய் அடைப்பு’ என்று எழுதலாம் என்கிறீர்கள். எளிய சொல்தான். ஆனால் மரத்துக்குள் நடப்பது அதில் வரவில்லை.

அடைப்பு என்றதும் வெளியிலிருந்து ஏதோ வந்து சிக்கியதாகத்தான் தோன்றும். இங்கே எதுவும் வெளியிலிருந்து வருவதில்லை. மரம் வைரம் பாயும்போது, நீர் ஏற்றி ஓய்ந்த சைலக்குழாயை ஒட்டியுள்ள பாரன்கைமா என்ற உயிருள்ள மென்திசுச் செல்கள், சுவரிலுள்ள நுண்குழிகள் வழியே உள்ளே பலூன் மாதிரி புடைத்து அதை நிரப்பிவிடுகின்றன. சொந்தச் சதையே வளர்ந்து துளையை மூடுகிறது. இதற்குச் சரியான வினை நம் வீட்டிலேயே இருக்கிறது. நெடுநாள் கம்மல் போடாமல் விட்டால் ‘காது தூர்ந்துபோச்சு’ என்போமே, அதுதான். ஆகவே குழல்தூர்வு. ‘தூர் வாருதல்’ நினைவுக்கு வந்து வண்டல் என்று நினைப்பார்களோ என்றால், காதை உதாரணம் காட்டினால் போதும்.

இங்கே பென்சில்வேனியாவில் வெள்ளை ஓக்கும் சிவப்பு ஓக்கும் பக்கம் பக்கமாக வளர்கின்றன. இரண்டிலும் விரல் நீளத்துக்கு வைரக்கட்டை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதிப் பார்த்தேன். சிவப்பு ஓக்கில் குமிழி கிளம்பியது. வெள்ளை ஓக்கில் கன்னம் வலிக்க ஊதியும் ஒன்றும் வரவில்லை; அதன் குழாய்கள் தூர்ந்திருந்தன. பூர்பன் விஸ்கிப் பீப்பாய்க்கு வெள்ளை ஓக்கைத் தேடுவது இதனால்தான். சிவப்பு ஓக் பீப்பாய் ஒழுகும். கட்டுரையில் இந்தச் சோதனையைக் கட்டாயம் சேருங்கள், சொல்லும் கூடவே மனதில் நிற்கும்.

நிற்கும் மரத்தை அடையாளம் காண இலை போதும். வெள்ளை ஓக்கின் இலைமடல்கள் உருண்டு முடியும். சிவப்பு ஓக்கில் நரம்பு மடலைத் தாண்டி மெல்லிய மயிராக நீளும், தடவினால் விரலில் நெருடும். காயும் வேறு: வெள்ளை ஓக் காய் ஒரே பருவத்தில் முற்றி, விழுந்த அந்த இலையுதிர்காலத்திலேயே வேர்விடும். சிவப்பு ஓக் காய் முற்ற இரண்டு பருவம் ஆகும்.

அப்புறம், ஓக்கைக் கருவாலி என்று சொல்லி, வெள்ளை ஓக்கை ‘வெண்கருவாலி’ என்றால் வெண்மையும் கருமையும் மோதுகின்றனவே என்ற கேள்வி. செங்கருங்காலி என்று நாம் சொல்லவில்லையா? கருவாலி என்பது மரத்தின் பெயராகவே நின்றுவிட்டது. வெண்கருவாலி, செங்கருவாலி இரண்டுக்கும் என் ஆதரவு உண்டு.

தச்சுவேலை தெரிந்தவர்கள் யாராவது, கட்டையின் துளை இப்படி மூடியிருப்பதற்குப் பட்டறையில் வழங்கும் சொல்லைச் சொன்னால், குழல்தூர்வை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.